அக்கா அணைத்துவிட்டுப் போன இஸ்திரிப் பெட்டி

வீட்டில் என்னைக் கூப்பிடுவது சின்னு. வயது பதினைந்து. பத்தாம் வகுப்பு படிக்கிறேன். சலவைக் கடைக்கு மேல்மாடியில், அக்கடையை நடத்தும் அம்மாவுடனும் அவர் மகனான அண்ணனுடனும் குடியிருந்து வருகிறேன். நான் அம்மாவுக்குப் பிறந்தவள் அல்ல. ஆதரவற்ற குழந்தைகள் விடுதியிலிருந்து என்னை இவர்களிடம் வளர்க்க ஒப்படைத்து எட்டு மாதமாகிறது. இதற்கு முன் இரண்டு வீடுகளிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறேன்.

சென்ற சனிக்கிழமை மதியம், கடையில் இஸ்திரி போடும் அக்கா பெட்டியை அணைத்து நிறுத்திவைத்துவிட்டுப் பின்பக்கம் துணி காயப்போடச் சென்றார். அதன் பிறகு அண்ணன் தன் சட்டையைத் தேய்ப்பதற்காக மீண்டும் சுவிட்சைப் போட்டார். அப்போது போன் வரவே, பெட்டியைத் துணிமேல் கவிழ்த்தபடி விட்டுவிட்டு வெளியே போனார். நான் மாடிப்படியில் நின்று பார்த்தேன். அவர் பொருளை நான் தொட்டால் அவருக்குப் பிடிக்காது என்பதால் இறங்கிப் போய் அணைக்கவில்லை. சற்று நேரத்தில் மேஜையும் துணி மூட்டைகளும் தீப்பிடித்துக்கொண்டன. அணைக்க ஓடிவந்த பக்கத்துக் கடைத் தையல்காரருக்கு இரண்டு கைகளும் வெந்துபோயின.

அதன் பிறகு விசாரிக்க வந்த போலீஸ் அதிகாரியிடம், அக்காதான் அணைக்காமல் போனதாக அண்ணன் சொன்னார். அக்கா மறுத்தார். என்னைக் கேட்டபோது நானும் அக்காதான் என்றேன். அதிகாரி நம்பாமல் மறுபடி கேட்கவே, அம்மா என் தோளில் கை வைத்து, "எங்க பொண்ணு பொய் சொல்ல மாட்டா சார்" என்றார். அதற்கு முன் அவர் யாரிடமும் என்னை அப்படிச் சொன்னதில்லை. அதன் பிறகு என்னால் மாற்றிச் சொல்ல முடியவில்லை.

போலீசார் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போகும்போது அக்கா என்னைத் திட்டவில்லை. "பின்னாடி உன் யூனிபார்ம் காயுது, எடுத்துக்கோ" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அம்மா தன் அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து, இத்தனை நாளும் பையிலேயே இருந்த என் துணிகளை அடுக்கிக்கொள்ளச் சொன்னார். அண்ணன் என்னைப் பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்தார். நான் துணிகளை அடுக்கவில்லை. அந்த யூனிபார்மைப் போட்டுக்கொள்ளவும் இல்லை.

இன்று காலை ஸ்டேஷனுக்குப் போக வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன், காரணம் சொல்லவில்லை. அவரும் கூடவே ஸ்டேஷனுக்கு வந்து, நான் அதிகாரியிடம் சொன்னது முழுவதையும் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். அண்ணனைப் பற்றிச் சொன்ன இடத்தில் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். என்னை யாரும் மிரட்டிச் சொல்லச் சொல்லவில்லை. இந்த வாக்குமூலத்தை எழுதி வாசித்துக் காட்டிய பிறகு, இனி என்னை எந்த வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்று அதிகாரியிடம் கேட்டேன். பதில் சொன்னது அம்மா. "கையெழுத்தைப் போட்டுட்டு வா. வீட்டுக்குப் போய் உங்க அண்ணனைக் கூட்டிட்டு வரணும்."

மேலே சொன்னவை அனைத்தும் நடந்தது நடந்தபடி. சனிக்கிழமை நான் சொன்னதுதான் பொய். வாசிக்கக் கேட்டேன், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) சின்னு