சுறா வாசம் அடிக்கும் செகண்ட் கியர்

"செகண்ட் கியர் போட்டா சுறா எண்ணெய் வாசம் வருதுண்ணே."

அந்தமானில், பாம்பூஃப்ளாட்டிலிருந்து சாத்தம் போகும் ஃபெர்ரியில் முதுகுக்குப் பின்னால் இப்படி ஒரு குரல் கேட்டால் யார்தான் பேப்பர் படிப்பார்கள்? மடித்து வைத்துவிட்டுத் திரும்பினேன். பேசியவர் ஒரு பழைய பிக்கப்பின் டிரைவர். பக்கத்தில் இருந்தவர் மெக்கானிக். விரல் நகமெல்லாம் கிரீஸ்.

"ஸ்டீயரிங்கோட ஒட்டின கியர்தானே? மேட்டுல சிக்குமே."

"சிக்குச்சு. பின்னாடி நாலு கூடை மீன், உச்சி வெயில். எவ்வளவு இழுத்தும் அசையலை. வண்டியில கூட வந்த மீன்காரக்கா இறங்கி வந்து, 'பானெட்டைத் திற, ஜல்தி'ன்னாங்க. ஸ்டீயரிங் தண்டுக்கு அடியில கியர் கம்பியைப் பிடிக்கிற புஷ் வளையம் தேஞ்சு ஆடுறதைக் காட்டினேன். வலை நூலை எடுத்து, ஆட்டம் நிக்கிற வரைக்கும் இறுக்கிச் சுத்தி முடிச்சுப் போட்டாங்க. படகுக்குப் பூச வாங்கின சுறா எண்ணெயை அது மேல தடவினாங்க. கியர் வழுக்கிக்கிட்டு விழுந்துச்சு! ஒரு மீன்கூடக் கெடலை."

"நூலா?" மெக்கானிக் சிரித்தார். "எத்தனை நாளைக்கு?"

"எட்டு மாசம் ஓடுச்சு. போன கப்பல்ல மெயின்லேண்டிலிருந்து புது புஷ் வந்துச்சு, மாட்டினேன். ரெண்டாம் நாளே சிக்கிருச்சு. கழட்டிப் போட்டுட்டு மறுபடி அக்காகிட்டயே போய் நின்னேன்."

மெக்கானிக் சிரிப்பை நிறுத்தினார். சாத்தம் ஜெட்டி நெருங்கியதும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அந்தக்கா வீடு எங்க? என் பட்டறையில இதே மாதிரி ரெண்டு வண்டி, புஷ் வரட்டும்னு கப்பலுக்குக் காத்து நிக்குது."