ஒன்றும் கேட்காத வேண்டுதல்

பார்ப்பவர்கள் மதிக்கட்டும் என்று அரியலூர் பஸ்ஸில் ஒரு தடிப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தேன். குன்னம் வந்தும் அரைப் பக்கம் தாண்டவில்லை. முன் சீட்டில், பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து திரும்பும் ஆயா ஒருத்தி சொன்னதுதான் காரணம்.

“கோயிலுக்குப் போயி நான் ஒண்ணுமே கேக்கறதில்ல அண்ணி.”

பக்கத்தில் நாத்தனார். “பின்ன எதுக்குடி மேரி வழியில எறங்கணுங்கற? வூட்டுல விருந்தாளி வந்து உக்காந்திருக்காங்க. கொழம்பு யாரு வைக்கிறது?”

“ஆஸ்பத்திரியில பெட்டுக்குப் பெட்டு என்னையக் கூப்பிடுறாங்க. வூட்டுக்கு வந்தா நீங்கள்லாம் கூப்பிடுறீங்க. ஏசுசாமியையும் எல்லாரும் அப்படித்தானே பிச்சுப் புடுங்கறாங்க? அதான் ரெண்டு பேரும் அரைமணி நேரம் சும்மா உக்காந்திருப்போம். எனக்கு அது போதும். அப்புறம் நூறு பேருக்குக் கொழம்பு வைக்கச் சொல்லுங்க, வைக்கிறேன்.”

கோயில் ஸ்டாப் வந்ததும் நாத்தனாரும் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

“நானும் வரேன்டி. பையன் பாஸாகணும்னு ஒரே ஒரு வார்த்தை மட்டும் கேட்டுக்கறேன்.”

“அத ஞாயித்துக்கெழம கேளுங்க அண்ணி. இன்னிக்கு அவருக்கும் லீவு.”