தார்ப்பாய் மூடிய தொட்டி

மகளைத் தோல் டாக்டரிடம் காட்டிவிட்டு ஓசூரிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். முன் சீட்டில் சாயத் தொழிற்சாலைச் சீருடையில் இரண்டு பெண்கள்.

“கழிவுத்தண்ணியில போயி மண்ணைக் கலக்குறியே, பைத்தியமாடி ஒனக்கு?”

“சும்மா மண்ணு இல்லக்கா, மருந்து ஏத்துன களிமண்ணு. வெயில் பட்டா சாயத்தை அழிச்சிடும்.”

“அப்புறம் ஏன் மூணு நாளா தண்ணி செவப்பாவே கீது?”

“அதிகாரிங்க கண்ணுல படக்கூடாதுன்னு தொட்டியைத் தார்ப்பாய் போட்டு மூடினாங்க, இன்னும் எடுக்கல. நாளைக்கும் கலர் போகலன்னா மேனேஜர் இந்த மண்ணு வேலையை நிறுத்திடுவாரு. அப்புறம் சாயத்தண்ணி நேரா எங்கூரு ஏரிக்குத்தான்.”

“இப்ப என்ன பண்ணப் போற?”

“காலையில மொத ஆளாப் போயி தார்ப்பாயை அவுத்துடுவேன். பொழுது சாயுற வரைக்கும் அங்கயே நிப்பேன். யாரு மூட வர்றாங்கன்னு பாக்குறேன்.”



“சோறு திங்கவாச்சும் போவியில்ல? அப்ப நான் வந்து நிக்குறேன்.”