வெயில் நிறம் கலையாமல்

வெயிலில் இருந்து வந்த தோலைத் துவாயால் தேய்க்கக் கூடாது. ஒற்றி எடுக்க வேண்டும். குளிக்கும் தண்ணீர் இளஞ்சூட்டைத் தாண்டக் கூடாது. உடம்பின் ஈரம் முழுதாகக் காய்வதற்கு முன்பே கிறீமைப் பூசிவிட வேண்டும். சுரண்டும் சோப்பும் முரட்டு நாரும் பக்கத்திலேயே வரக் கூடாது. இப்படிக் கவனித்தால் வெயில் கொடுத்த நிறம் உரிந்து போகாமல் இன்னும் கொஞ்சக் காலம் நிற்கும்.

இதைச் சொல்லித்தந்தவர் எங்கள் ஆசிரியை செலீன். பகலில் துறைமுகத்துக்கு அருகே ஒரு களஞ்சியத்தில் பெட்டி கட்டுவேன். மாலையில் வில்லரே பகுதியில் அழகுக்கலை வகுப்பு. மொன்றியலில் குளிர் முடியாத மாதங்களில் வெள்ளைக்காரர்கள் கூபாவுக்குப் போய்க் கடற்கரை வெயிலில் படுத்துக் கிடந்து பழுப்பாகித் திரும்புகிறார்கள். அந்தப் பழுப்பு வேலையிடத்தில் எல்லாரும் பார்த்து முடியும் மட்டும் நிற்க வேண்டும் என்பதற்காகக் காசு கொடுக்கிறார்கள். முதல்முறை கேட்டபோது நான் பிழையாக விளங்கிக்கொண்டேனோ என்று இரண்டு தடவை கேட்டேன். செலீன் என் முழங்கையைத் தட்டி, "உனக்கு இந்தச் செலவே இல்லை, கொடுத்து வைத்தவள்" என்றார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார் என்று நினைக்கிறேன். நினைத்துப் பார்த்துத்தான் அப்படிச் சொல்கிறேன்.

மாளவிகா மேடம், நீங்கள் என் வழக்கறிஞர். தமிழிலேயே சொல்லலாம் என்றதற்கு நன்றி. நேற்று நீங்கள் ஒரு வழி சொன்னீர்கள். "தெரியாம நடந்த தப்புன்னு சொல்லிடுங்க ஜெயமதி. ஈவ்னிங் கிளாஸ்ல அரைகுறையா கத்துக்கிட்ட பொண்ணு, ஏதோ குழப்பிட்டான்னு புரிஞ்சுக்குவாங்க." என் மேல் உள்ள அக்கறையில் சொன்னீர்கள். ஆனால் வீட்டுக்குப் போன பிறகும் அந்த 'அரைகுறை' என்ற சொல் என்னை விடவில்லை. தோல் பராமரிப்புப் பாடத்தில் வகுப்பில் முதலாவதாக வந்தவள் நான். எனக்குச் சந்தேகம் அதிகம். எதையும் இரண்டு தரம் சரி பார்க்காமல் செய்ய மாட்டேன். ஆகவே நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

அம்மா மட்டக்களப்பில் இறந்தபோது நான் சின்னப் பிள்ளை. அம்மாவின் அக்கா அருளம்மா, என் பெரியம்மா, பொறுப்பெடுத்து என்னை இங்கே கூப்பிட்டார். பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடி வீடு. பெரியம்மா, அவருடைய ஒரே மகள் வினோஜா, நான். சாப்பாட்டிலோ உடுப்பிலோ பெரியம்மா என்னை ஒருநாளும் பிரித்துப் பார்க்கவில்லை. இதை நான் சொல்லத்தான் வேண்டும்.

பெரியம்மாவுக்கு என்னில் ஒரே ஒரு குறைதான் இருந்தது. ஆரோ பயணப்பெட்டியில் கொண்டுவந்து விற்ற, பெயர் ஒட்டாத வெள்ளைப் போத்தல் கிறீமை எனக்குப் பதின்மூன்று வயதில் பூசத் தொடங்கினார். கழுத்து எரிந்தது. "எரியுதெண்டா வேலை செய்யுது, பொறு புள்ள" என்பார். கொஞ்சக் காலம் வெளுத்தது. பிறகு, கோடை வந்ததும், பழைய நிறத்தைவிடக் கறுத்துத் திட்டுத் திட்டாக நின்றுவிட்டது. வலது காதுக்குக் கீழே இப்போதும் பார்க்கலாம். பெரியம்மா போத்தலைக் குப்பையில் போட்டுவிட்டு, "உன்ர தோலுக்கு ஒண்டும் பிடிக்காது கா" என்றார். பிழை தோலுடையதாகிவிட்டது.

வினோஜா அக்கா வெள்ளை. சின்ன வயதில் இருந்தே வீட்டுக்கு வருபவர்கள் அவளுடைய கன்னத்தைக் கிள்ளிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்கள். அவள் கெட்டவள் இல்லை. பகிடிக்காரி. சினேகிதிகளோடு படம் எடுக்கும்போது, "ஜெயா, சிரியடி, அப்பதான் நீ எங்க நிக்கிறாய் எண்டு தெரியும்" என்பாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் சிரிப்பேன், அவர்களுக்கு நான் நிற்கும் இடம் தெரிந்துவிடும்.

அவளுக்கும் டொரொன்ரோவில் இருக்கும் டனிஸ்ரனுக்கும் ஆவணியில் கலியாணம் என்று முடிவாயிற்று. தேவாலயத்தில் பெண்ணுக்குப் பின்னால் போகும் தோழிகளில் ஒருத்தியாக என்னையும் சேர்த்தாள். வெளிர் பீச் நிறக் கவுன். அளவெடுத்துத் தைத்துப் போட்டும் பார்த்தோம். அந்தப் படங்கள் டனிஸ்ரனின் தாய்க்குப் போயின. அடுத்த கிழமை வினோஜா என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"கோவிக்காத ஜெயா, என்ன. மாமி படம் பாத்தவ. அந்தக் கலர் உனக்கு... குறூப் படத்தில பலன்ஸ் வரேல்லையாம்."

"சரி அக்கா."

"நீ எனக்கு மேக்கப் செய். அதுதான் மெயின். தோழி எவளும் நிக்கலாம், மேக்கப்புக்கு நீதானே வேணும்?"

கவுன் அவளுடைய சினேகிதி ஒருத்திக்குப் போயிற்று. அவளுக்கு இடுப்பு சிறிது. இடுப்பைப் பிடித்துத் தைத்தது நான்தான். தையல் ஒழுங்காக வந்தது.

பிறகு வினோஜா சினேகிதிகளோடு கூபாவுக்குப் போனாள். கலியாணத்துக்கு முன்னான கடைசிச் சுற்றுலா. விமான நிலையத்தில் இருந்து அவளுடைய பெட்டியை நான்தான் மூன்று மாடி தூக்கி வந்தேன். கதவைத் திறந்த பெரியம்மா நெஞ்சில் கை வைத்தார்.

"யேசுவே! என்ன கா இது கோலம்? சட்டிக்கரியில புரண்டனியா?"

"அம்மா, ஒரு கிழமைதானே வெயில்ல நிண்டனான்..."

"கண்ணாடியில போய்ப் பார். ஜெயாட பக்கத்தில நிண்டா இப்ப ஆர் ஆரெண்டே தெரியாது. டனிஸ்ரன்ர தாய் கண்டா என்ன சொல்லுவா?"

வினோஜா அழத் தொடங்கினாள். பெரியம்மாவும் அழுதார். நான் பெட்டியோடு வாசலில் நின்றேன். உள்ளே போவதற்கு அவர்கள் வழி விட வேண்டியிருந்தது.

அன்று மாலையே வினோஜா என் கையைப் பிடித்தாள். "நீதானே படிக்கிறாய். கலியாணத்துக்கு முன்னம் இதை எடுத்து விடடி. ப்ளீஸ்."

"எடுக்கலாம் அக்கா. நான் சொல்லுறதை மட்டும் செய்யுங்கோ."

அன்றிலிருந்து செலீன் சொல்லித்தந்ததை ஒன்று விடாமல் செய்தேன். நிறத்தை எடுப்பதற்கான பாடம் வேறு. நான் செய்தது நிறத்தை நிறுத்தி வைப்பதற்கான பாடம். வினோஜாவுக்கு வித்தியாசம் தெரியாது. கடலைமாவும் தயிரும் கலந்து தேய்க்கட்டா என்று கேட்டாள், தோல் புண்படும் என்று தடுத்தேன். எலுமிச்சை வேண்டாம் என்றேன். இளஞ்சூட்டுத் தண்ணீர், ஒற்றி எடுத்தல், ஈரத்தோடு கிறீம். அந்தக் கிறீமில் மெல்லிய பழுப்பை ஏற்றும் கிறீமையும் கொஞ்சம் கலந்தேன். இங்கே எந்த மருந்துக்கடையிலும் கிடைப்பதுதான். அவளுடைய தோல் அதற்கு முன் ஒருநாளும் அவ்வளவு ஆரோக்கியமாக இருந்ததில்லை. தேன் போல மினுங்கியது. செலீன் பார்த்திருந்தால் வகுப்புக்கே காட்டியிருப்பார்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் குறும்பு என்று சொல்லி விட்டுவிடலாம். நிறுத்துவதைப் பற்றி நானும் யோசித்தேன்.

பெரியம்மாதான் பொறுமை இழந்தார். "உன்ர படிப்பு ஒண்டுக்கும் உதவாது. இவ்வளவு நாளும் தடவித் தடவி அப்பிடியே இருக்குது" என்று சொல்லிவிட்டு, ஆரிடமோ வாங்கிய வெள்ளைப் போத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பெயர் ஒட்டாத போத்தல். மூடியைத் திறந்தேன். அந்த மணத்தை எனக்குத் தெரியும்.

அப்படிப்பட்ட கிறீம்களைப் பற்றிச் செலீன் ஒரு மாலை முழுவதும் பேசியிருக்கிறார். தோலை மெல்லியதாக்கிவிடும், அதன் பிறகு வெயில் பட்டால் நெருப்புப் பட்டதுபோல என்று படங்கள் காட்டினார். அப்போது நான் காதுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு இருந்தேன்.

"ஜெயா, இது சேஃபா?" என்று வினோஜா கேட்டாள். தாயை விட்டுவிட்டு என்னைக் கேட்டாள். என் படிப்பில் அவளுக்கு மரியாதை இருந்தது.

"போடுங்கோ அக்கா," என்றேன். "எரிஞ்சா வேலை செய்யுது."

பழுப்புக் கிறீம் கலப்பதை அன்றோடு விட்டுவிட்டேன். ஒவ்வொரு நாளும் நானே பூசிவிட்டேன். சீக்கிரமே முகம் வெளுத்தது. வெள்ளை என்பதைவிட இளஞ்சிவப்பு என்று சொல்லலாம். உரித்த வெங்காயம் போல உள்ளே நரம்பு தெரிந்தது. பெரியம்மா அந்தப் போத்தலுக்கு முத்தம் கொடுக்காத குறை. "பாத்தியா கா, இதைத்தான் முதலே செய்திருக்க வேணும்" என்று எனக்குப் புத்தி சொன்னார்.

கலியாணத்துக்கு முன்னான படப்பிடிப்பைப் பழைய துறைமுகத்தில் வைத்தார்கள். ஆடி மாதம், நடு மத்தியானம். ஆற்றங்கரையில் மரநிழல் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் எடுப்பார்கள், பின்னால் தண்ணீர் தெரிய வேண்டும். புறப்படும்போது வினோஜா சன்ஸ்கிறீன் குழாயை எடுத்தாள்.

"வேண்டாம் அக்கா. படத்தில முகம் சாம்பல் பூசின மாதிரி அடிக்கும்."

இது பொய் இல்லை. பிளாஷ் போட்டால் அப்படி ஆவது உண்டு. ஆனால் அன்றைக்குப் பிளாஷ் போடப் போவதில்லை. படம் எடுக்கும் பேனாட் அண்ணையிடம் முதல் நாளே தொலைபேசியில் கேட்டு வைத்திருந்தேன்.

தோழிகள் பீச் கவுனில் வந்தார்கள். நான் மேக்கப் பெட்டியோடு போனேன். பேனாட் அண்ணை மடித்து வைத்திருந்த பெரிய வட்டத் தட்டியை விரித்தார். ஒரு பக்கம் முழுவதும் வெள்ளித் தாள் போல மினுங்கும். வெயிலை ஏந்தி முகத்தில் திருப்பி அடிப்பதற்கு.

"இதை ஆர் பிடிக்கிறது? தங்கச்சி, நீங்க படத்தில இல்லைத்தானே?"

"இல்லை அண்ணை. தாங்கோ."

எப்படிச் சாய்த்தால் வெளிச்சம் கன்னத்தில் விழும், எப்படிச் சாய்த்தால் நெற்றியில் விழும் என்று காட்டினார். நான் சீக்கிரம் பிடித்துக்கொண்டேன். வினோஜா டனிஸ்ரனின் தோளில் சாய்ந்தாள், சிரித்தாள், திரும்பினாள். அவள் திரும்பும் பக்கமெல்லாம் நான் வெயிலைத் திருப்பினேன்.

"ஜெயா, முகம் எரியுதடி."

"இன்னும் கொஞ்சம் அக்கா. நல்லா வருது."

பேனாட் அண்ணை லென்ஸ் மாற்றக் குனிந்தார். "தங்கச்சி, இப்ப இறக்குங்கோ, கை நோகும்."

"நோகேல்ல அண்ணை."

டனிஸ்ரன் கறுப்புக் கண்ணாடியோடு சிரித்தான். "ஜெயா செம ஸ்ட்ரோங், என்ன?"

நான் இறக்கவில்லை. தோழிகள் கவுனைத் தூக்கிக்கொண்டு ஐஸ்கிறீம் வாங்கப் போனார்கள். வினோஜா கல்லில் உட்கார்ந்து கண்ணை மூடி, முகத்தை ஏந்திக் கொடுத்தாள். படம் எடுக்கும் நேரம் என்றே நினைத்திருப்பாள். நிழல் பத்து அடியில் இருந்தது. இதைத்தான் பேனாட் அண்ணை பொலிசுக்குச் சொன்னார் என்று நினைக்கிறேன். அவர் சொன்னது சரி.

மாலைக்குள் அவளுடைய கண்கள் வீங்கி மூடிவிட்டன. மறுநாள் கன்னம் முழுதும் கொப்புளம். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன பூசினாய் என்று கேட்டார். அவள் என் பெயரைச் சொன்னாள். குற்றம் சாட்டும் விதமாகச் சொல்லவில்லை, நான் எல்லாம் படித்தவள், என்னைக் கேட்டால் தெரியும் என்று சொன்னாளாம். புண் ஆறும், ஆனால் கறுத்த திட்டுகள் நிற்கும், சில போகவே போகாமலும் இருக்கலாம் என்றார்கள். டனிஸ்ரன் ஒரு முறை வந்து பூங்கொத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனான். கலியாணத்தைத் தள்ளி வைப்போம் என்று தாய் தொலைபேசியில் சொன்னார். எந்த மாதத்துக்கு என்று சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி நடைவழியில் பெரியம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். நான் செய்தது அப்போது அவருக்குத் தெரியாது. ஆறுதலுக்குத்தான் என்னிடம் வந்தார். "என்ர புள்ள உன்னப்போல ஆகிட்டாளே ஜெயா, உன்னப்போல ஆகிட்டாளே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அவருடைய முதுகைத் தடவிவிட்டேன். தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

நேற்று நீங்கள் இன்னொன்றும் கேட்டீர்கள். "அவங்க உங்க நிறத்தை மட்டமா பேசினாங்க, அந்தத் தாழ்வு மனப்பான்மையா?" அப்படி எழுத வேண்டாம் மேடம். என் நிறத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதை நோய் போலப் பார்த்தது அவர்கள். அவர்களுடைய அந்தப் புத்தியைத்தான் நான் வெறுத்தேன், இப்போதும் வெறுக்கிறேன். இதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

தவறுதலாக என்றும் எழுத வேண்டாம். வினோஜாவுக்கு ஒரு தண்டனை கொடுப்பது என்று முடிவெடுத்த பிறகு நான் அவசரப்படவில்லை. ஒரு பெண்ணுக்குக் கொடுக்கக்கூடிய ஆகக் கொடிய தண்டனை எது என்று பல நாள் நிதானமாக யோசித்தேன். அவளை என்னைப் போல ஆக்குவதைவிடக் கொடிதாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.