குமிழி இல்லாத சில்லுகள்

நோர்வூட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் பனிமூட்டத்தைப் படம் பிடிக்கிறார்கள். எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல். என் வேலையைக் கெடுப்பது அதுதான். நடந்ததை என் வாயாலேயே சொல்லச் சொல்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. சொல்கிறேன். ஆனால் பனிமூட்டத்தில் இருந்துதான் தொடங்கவேண்டும். இல்லாவிட்டால் என்னைப் பொல்லாதவன் என்று நினைத்துவிடுவீர்கள்.

என் பெயர் பரமலிங்கம். ஊர் யாழ்ப்பாணம். பதினான்கு வருஷமாக இங்கே விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஓய்வு நேரத்தில் சண்டை ரோபோ செய்வேன். முழங்கால் உயரம்கூட வராத இரும்புப் பெட்டி, ரிமோட்டில் ஓடும். எதிரே வரும் பெட்டியை இடித்துப் புரட்டினால் வெற்றி. வருஷத்துக்கு ஒரு தடவை கண்டியில் போட்டி நடக்கும். எல்லோரும் மோட்டாரைப் பற்றியும் பிளேடைப் பற்றியும்தான் பேசுவார்கள். உண்மையில் வெல்வது சில்லு, அதாவது சக்கரம். சில்லு தரையைப் பிடிக்காவிட்டால் எவ்வளவு பெரிய மோட்டாரும் நின்ற இடத்திலேயே சுழன்றுகொண்டிருக்கும். கடையில் விற்பது சரிவராது, பொலியூரிதேனில் நாமே வார்க்கவேண்டும்.

இரண்டு திரவங்கள். அளந்து கலந்து அலுமினிய அச்சில் ஊற்றினால் அரை மணி நேரத்தில் இறுகிவிடும். ஈரக்காற்று பட்டால் உள்ளே குமிழி விழும். குமிழி விழுந்த சில்லு முதல் மோதலிலேயே பிய்ந்துபோகும். கொழும்பில் ஏசி அறையில் வார்ப்பதால் இதற்கு யாரும் கவலைப்படுவதில்லை. இங்கே யன்னலைத் திறந்தால் மேகமே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அதனால் ஆசிரியர் விடுதிக்குப் பின்னால் இருக்கும் அறையில் யன்னலைச் சாத்தி, இடுக்குகளில் துணி அடைத்து, ஹீட்டர் போட்டு, காற்று நன்றாகக் காய்ந்த பிறகுதான் வார்ப்போம். அது என் கண்டுபிடிப்பு.

வார்ப்போம் என்றேன். வார்த்தது சோலைமலை. தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டர். திரவங்களைக் கலக்கும்போது காற்றுப் புகாமல் கலக்க ஒரு கை வேண்டும், ஐயா. எனக்கு அந்தக் கை இல்லை. நான் பத்து வார்த்தால் எட்டில் குமிழி இருக்கும். அவர் வார்த்ததில் ஒன்றுகூடக் கண்டதில்லை. இரண்டு வருஷம் தொடர்ந்து வென்றோம். கோப்பையில் என் பெயர் போட்டார்கள். பதிவு செய்தது நான்தானே.

போன வருஷம் கண்டியில் ஒருவர் சில்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதை யார் வார்த்தது?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் சோலைமலை வெட்கத்தோடு, "நாந்தாங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

திரவங்கள் வரும் டின்னோடு ஆங்கிலத்தில் ஒரு தாள் வரும். சோலைமலைக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. "என்னா சேர் எழுதியிருக்கு?" என்று முதல் நாளே கேட்டார். வரி வரியாகத் தமிழில் சொன்னேன். ஒரு பந்தியை மட்டும் விட்டுவிட்டேன். ஆவியைச் சுவாசிக்கக் கூடாது, காற்றோட்டமான இடத்தில்தான் பாவிக்கவேண்டும், முகமூடி அவசியம் என்று அதில் இருந்தது. அதை எழுதியவன் நோர்வூட்டுக்கு வந்ததில்லை. முகமூடி ஒன்று வாங்கினேன். அதை நான் போட்டுக்கொண்டேன்.

"சேர் மட்டும் என்னாத்துக்கு மூஞ்சிய மூடிக்கிறீங்க?"

"எனக்குத் தூசி ஒத்துவராது, சோலைமலை."

"ஐயோ பாவம்" என்றார். உண்மையாகவே என்னை நினைத்துக் கவலைப்பட்டார். நல்ல மனுஷன்.

இந்த வருஷம் மே மாதம் அவருக்கு மூச்சிழுப்புத் தொடங்கியது. தோட்டத்து டிஸ்பென்சரியில் சளிக்கு மருந்து கொடுத்தார்கள், அது கேட்கவில்லை. பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். என்ன வேலை என்று டொக்டர் கேட்டபோது பெக்டரி வேலை என்று மட்டும் சொல்லியிருக்கிறார். சில்லு வார்ப்பது விளையாட்டுத்தானே, அதை யார் வேலை என்று சொல்வார்கள்? டொக்டர் சந்தேகப்பட்டு, வேலை செய்யும் இடத்தில் காட்டச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்தார். அவர் அதைத் தோட்டத்தை நடத்தும் துரையிடம் கொண்டு போகவில்லை. என்னிடம் கொண்டு வந்தார். இங்கிலீஷ் கடிதம் எது வந்தாலும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் அந்த லயத்தில் எல்லோரும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள்.

இவருடைய நுரையீரல் ஏதோ இரசாயன ஆவிக்கு ஒவ்வாமை கொண்டுவிட்டது, இனி ஒரு தடவை பட்டாலும் உயிருக்கு ஆபத்து என்று எழுதியிருந்தது. இரண்டு தடவை வாசித்தேன்.

"குளிர்தானாம். சூடான இடத்திலை இருக்கச் சொல்லி எழுதிக்கிடக்கு" என்றேன்.

இதை நான் ஒளிக்கவில்லை, ஐயா. கேட்கிறீர்கள், சொல்கிறேன்.

இரண்டு மாதம் அவரை நானே ஓய்வெடுக்கச் சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இழுப்பு நின்றது, முகம் தெளிந்தது. அந்த இரண்டு மாதமும் நானே வார்த்துப் பார்த்தேன். எல்லாம் குமிழி. போட்டிக்குப் பத்து நாள்தான் இருந்தது. அவரை வரச் சொல்லி அனுப்பினேன்.

அவருக்கு முன்னால் அவர் மனைவி மீனம்மா வந்தாள். கொழுந்துக் கூடையைக்கூட இறக்கவில்லை. "சேர், அவருக்கு ஒங்க ரூம்புக்கு வந்துட்டு போனாத்தான் முடியாம போகுது. எனக்கு என்னமோ பயமா இருக்குங்க. வேணாம்னு நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா கேக்கமாட்டாரு, நீங்க சொன்னா கேப்பாரு."

"இல்லை மீனம்மா, அந்த அறைதான் அவருக்கு நல்லது. டொக்டரே சூட்டிலை இருக்கச் சொல்லித்தானே எழுதியிருக்கிறார்."

அவள் கும்பிட்டாள். "நீங்க படிச்சவங்க சொன்னா சரிதாங்க" என்றாள். எனக்கு அந்த நேரம் கொஞ்சம் ஒரு மாதிரித்தான் இருந்தது. ஆனால் அவளுக்கு அந்தக் கடிதத்தை விளங்கப்படுத்தி, ஒரு குடும்பத்தைப் பீதியில் விடுவதில் என்ன பிரயோசனம்?

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வார்த்தோம். நான்கு அச்சு. மூன்றாவதை ஊற்றும்போதே அவர் நெஞ்சு விசில் அடித்தது. ஆனாலும் கை நடுங்கவில்லை. நான்காவதையும் விளிம்பு வரை அழகாக ஊற்றிவிட்டு, கிண்ணத்தைக் கீழே வைத்து, குந்திக்கொண்டார்.

"சேர்... மூச்சு முட்டுது. கதவத் தெறங்க."

"கொஞ்சம் பொறுங்கோ. இறுகட்டும்."

தாழ்ப்பாளில் என் கை இருந்தது. அவர் எழுந்து வந்தார். நான் விலகவில்லை. தள்ளியிருந்தால் நான் விழுந்திருப்பேன். என்னைவிடப் பலசாலி. ஆனால் அவர் என்னைத் தொடவில்லை. வாத்தியாரைத் தள்ளுகிற பழக்கம் அவருக்கு இல்லை. சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். உதடு நீலமானது. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். சில்லு இறுக இன்னும் இருபத்திரண்டு நிமிஷம் இருந்தது. அந்த நேரம் முழுக்க நான் அங்கேயேதான் நின்றேன், அவரைத் தனியே விடவில்லை. கதவைத் திறந்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

நீங்கள் எடுத்துவந்த அந்த நான்கையும் வெட்டிப் பாருங்கள், ஐயா. ஒரு குமிழி இருக்காது.

கடைசியில் அவருக்குப் பேச்சு வரவில்லை. கையை மட்டும் யன்னல் பக்கம் நீட்டி ஆட்டினார். திறக்கச் சொன்னார் என்று நீங்கள் நினைப்பீர்கள். நான் அவரோடு நான்கு வருஷம் வேலை செய்தவன். சில்லு கெட்டுப்போகும், திறக்காதீங்க என்றுதான் அவர் சொன்னார்.