நாலாம் படுக்கை டீச்சர்

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். எழுதிக்கொள்பவருக்குக் கை வலித்தால் சொல்லுங்கள், நிறுத்திக்கொள்கிறேன்.

நாலாம் படுக்கை டீச்சருக்குப் பக்கவாதத்தில் பேச்சும் கைகாலும் போய்விட்டன. டாக்டர், மருமகள், எல்லோரும் அவர் தலைமாட்டிலேயே நின்று அவர் சாவைப் பற்றிப் பேசுவார்கள். ஊட்டுவதும் துடைத்துவிடுவதும் என் வேலை. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கிடைத்த வேலை அதுதான். எட்டு மாதம், ஊட்டும்போதெல்லாம் என் கதையை அவரிடம் கொட்டினேன்.

"என்னடி, சுவத்துக்கிட்ட பேசிட்டிருக்க?" என்பார் நர்சக்கா.

"சுவரு எதிர்த்துப் பேசாதுக்கா. உங்கள மாதிரியா?"

பட்டமளிப்பு விழாவுக்கு அப்பா மூட்டை தூக்கும் சட்டையோடு நேராக வந்ததையும், யாரென்று கேட்ட தோழிகளிடம் "சாமான் கொண்டுவந்த ஆளு" என்று நான் சொன்னதையும் அப்படித்தான் சொன்னேன். வேறு யாருக்கும் அது தெரியாது.

பிறகு பேச்சுப் பயிற்சி தருபவர் ஓர் எழுத்துப் பலகையோடு வந்தார். எழுத்துகளின் மேல் நாம் விரலை நகர்த்த வேண்டும். வேண்டிய எழுத்து வந்ததும் டீச்சர் கண்ணை மூடுவார். "படிச்ச பொண்ணு, நீயே பழக்கிடும்மா. ஞாயித்துக்கிழமை அவங்க பையன் வராரு. அம்மா ஒரு வார்த்த பேசினா போதும்னு உயிர விடுறாரு."

சனிக்கிழமை மதியம் உட்கார்ந்தோம். வலி, தாகம், இப்படி ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். முக்கால் மணி நேரத்தில் வந்தது மூன்றே வார்த்தை.

அன்று அப்பாவுக்குக் கேட்டிருக்கும்.

அப்பா நாலடி தள்ளித்தான் நின்றிருந்தார். மூன்று வருடமாக எனக்கு அது தோன்றவே இல்லை. இவருக்குத் தோன்றியிருக்கிறது. அசைய முடியாமல் கிடந்துகொண்டு, என் அப்பா மனதில் என்ன ஓடியிருக்கும் என்று யோசித்திருக்கிறார். என்னைப் பற்றியும் ஏதாவது நினைத்திருப்பார்.

அவருக்குத் தண்ணீரை அப்படியே கொடுக்கக் கூடாது. மாவு கலந்து கெட்டியாக்கி, நிமிர்த்தி உட்காரவைத்துத்தான் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் நுரையீரலுக்குள் போய்விடும். நான் கட்டிலைத் தாழ்த்தினேன். வெறும் தண்ணீரை ஒரு டம்ளர் முழுக்க அவர் வாயில் ஊற்றினேன். அவர் கண்ணை மூடி மூடித் திறந்தார். பலகையை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

மறுநாள் பையன், "கடைசியா அம்மா ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"இல்லண்ணா," என்றேன்.

வெறும் கட்டை என்று நினைத்துச் செய்ததாக வாக்குமூலத்தில் எழுதாதீர்கள். அப்படி நினைத்தவர்கள் மற்றவர்கள். அந்த வார்டில் அவரை ஒரு மனுஷியாக மதித்தது நான் ஒருத்திதான்.