ஜிபெக் மீது தப்பில்லை

புது வருட விடுமுறையில் எங்கள் ஊரில் யாரும் வெயில் ஏறும் முன் எழுந்திருக்க மாட்டார்கள், ஐயா. எழுந்திருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். பதினெட்டு வருடமாக ஜனவரி மூன்றாம் தேதி நானும் கெல்திபெக்கும் பனிச்சறுக்குப் பலகைகளின் அடியில் வழுக்காத தோலை ஒட்டிக்கொண்டு மலையேறுவோம். ஏற நான்கு மணி நேரம், இறங்கப் பத்து நிமிடம். அவன் மனைவி ஜிபெக் அதைப் பைத்தியக்காரத்தனம் என்பாள். எனக்கு வருடத்தில் அந்த ஒரு நாள் போதும்.

நிலக்கரிச் சுரங்கம் மூடியதிலிருந்து ஊரில் பாதி வீடு காலி. என் தம்பி மாஸ்கோவுக்குப் போனான். கட்டிக்கொள்வதாக இருந்த பெண்ணும் போனாள். கெல்திபெக் மட்டும் எங்கேயும் போகமாட்டேன் என்றான், நானும் நம்பினேன். இந்த வருடம் அவனுக்குக் கனடாவில் மலை வழிகாட்டி வேலை கிடைத்துவிட்டது. பிப்ரவரியில் குடும்பத்தோடு புறப்பாடு. அதை எனக்குச் சொன்னது அவன்கூட இல்லை, ரொட்டிக் கடைக்காரி.

பனிச்சரிவில் புதைந்தவனைக் கண்டுபிடிக்கும் கருவியைப் பற்றிக் கேட்டீர்கள். மார்பில் கட்டிக்கொள்வோம், அது ஓயாமல் சமிக்ஞை அனுப்பும். ஒருவன் பனியில் புதைந்தால் மற்றவன் தன் கருவியைக் கேட்கும் நிலைக்கு மாற்றித் தேடுவான். கிளம்பும் முன் ஒருவர் கருவியை ஒருவர் சோதிக்க வேண்டும். சோதித்தவன் தன்னுடையதை மறுபடி அனுப்பும் நிலைக்குத் திருப்ப வேண்டும். அது மறந்துபோகும் என்றுதான் மற்றவன் "திருப்பிட்டியா?" என்று கேட்பான். பதில் வராமல் அடியெடுத்து வைக்க மாட்டோம்.

அன்று முதலில் நான் அவனுடையதைச் சோதித்தேன். அவன் என்னுடையதைச் சோதிக்கும்போது ஜிபெக் போன் செய்தாள். அவள் அம்மா தைத்த கம்பளி விரிப்பு பெட்டியில் அடங்கவில்லையாம்.

"அடியே, அத ஏத்தினா விமானம் கிளம்பாதுடி," என்றான். "அதுக்கு உங்கம்மாவையே கூட்டிட்டுப் போயிடலாம், எடை கம்மி."

சிரித்துக்கொண்டே சட்டையை இழுத்து மூடினான். அவன் கருவி இன்னும் கேட்கும் நிலையில்தான் இருந்தது. பார்த்தேன். "திருப்பிட்டியா?" என்று நான் கேட்கவில்லை. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, ஐயா. ஒரு கேள்வியைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஏறும்போது அவன்தான் பேசிக்கொண்டு வந்தான்.

"மூஞ்சிய ஏன்டா உம்முன்னு வச்சிருக்க, மெதெர்? நீயும் கிளம்பி வாயேன்."

"அங்க வந்து நான் என்னத்தப் பண்ண?"

"என் பசங்களுக்கு மாமனா இரு. உன்ன மாதிரி சிடுமூஞ்சி மாமன் அங்க கிடைக்கமாட்டான்."

அவன் மனதார அழைத்தான் என்பது எனக்குத் தெரியும். அதுதான் இன்னும் வலிக்கிறது.

உச்சியில் அவன் பலகைத் தோலை உரித்துக்கொண்டிருந்தான். நான் சரிவின் விளிம்பைப் பார்க்கப் போனேன். என் காலடியில் பனி 'தொம்' என்று அமுங்கியது. ஒரு விரிசல் பத்தடி ஓடியது. எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் அதன் அர்த்தம் தெரியும்: ஆள் இறங்கினால் சரிவு பெயர்ந்து வரும். திரும்பி வந்தேன்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. நீ முன்னாடி போ."

"நீ சொன்னா சரி. மூணு தடவ தட்டிப் பாக்காம தர்பூசணி வாங்காத ஆளு."

அவன் நாலாவது வளைவில் இருக்கும்போது சரிவு முழுவதும் நகர்ந்தது.

அன்று கொடுத்த வாக்குமூலத்தில் ஒன்றரை மணி நேரம் தேடியதாகவும் கருவியில் சத்தமே வரவில்லை என்றும் சொன்னேன். சத்தம் வரவில்லை என்பது உண்மை. தேடியது பொய். இறங்கியதுமே அவன் கை தெரிந்தது. மணிக்கட்டு வரை வெளியே இருந்தது, விரல்கள் அசைந்தன. மண்வெட்டி என் முதுகில் இருந்தது. ஓரடி தோண்டினால் முகம்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் இறுக்கிப் பிடித்தான். அவ்வளவு இறுக்கமாக என்னை யாரும் பிடித்ததில்லை. பிடி தளர வெகுநேரம் ஆயிற்று. பிறகு கையின் மேல் பனியைத் தள்ளி மூடிவிட்டு ஊருக்குப் போன் செய்தேன். நீளக் கம்பிகளால் குத்திக் குத்தி அவனைக் கண்டெடுத்தார்கள். என் தோளில் கை போட்டு அழுதார்கள்.

நேற்று நாற்பதாம் நாள் சாப்பாடு. ஜிபெக் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "நான் அந்த நேரத்துல போன் பண்ணாம இருந்திருந்தா அவரு திருப்பியிருப்பாரு, அண்ணே. நானே கொன்னுட்டேன்," என்றாள். கனடா பயணத்தையும் விட்டுவிட்டாளாம். குழந்தைகளோடு இங்கேயே இருக்கப் போகிறாளாம். அவள் அப்படி நினைப்பது நியாயமில்லை. அதற்காகத்தான் வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். கொன்றது நான்தான். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள், ஐயா, அவள் படிக்கும்போது ஆறுதலாக இருக்கும்: கடைசி வரை நான் அவனைத் தனியாக விடவில்லை.